முதியோர் பராமரிப்பில் புழங்கும் சொற்கள்: வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து முதியவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பலரும் மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதிலுள்ள சொற்கள் பிடிபடுவதில்லை. கேட்கக் கூச்சம், கேட்டாலும் பதில் அவசரமாக வருகிறது. ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் வேலைகள் இருக்கின்றன. யார் எப்போது கை கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது, எந்த நிலையில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவற்றுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே புதிதாக ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "இதனால் நாளைக் காலையிலிருந்து நான் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?" அதற்குப் பதில் கிடைக்கும் வரை அந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொற்கள் அகர வரிசையில் இல்லை. பராமரிப்பு வீட்டில் எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையிலேயே தந்திருக்கிறேன்.

படி 1: வழக்கமான நிலையை எழுதி வையுங்கள்

மருத்துவர்களும் செவிலியர்களும் 'பேஸ்லைன்' என்று சொல்வது, உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாத ஒரு சாதாரண நாளில் அந்த முதியவர் எப்படி இருப்பார் என்பதைத்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "இவர் வழக்கமாகவே இப்படித்தான் பேசுவாரா?" என்பது. அந்த நேரத்தில் திணறாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஒரு நோட்டின் முதல் பக்கம் போதும். துணையில்லாமல் எவ்வளவு தூரம் நடப்பார், கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வேண்டுமா, இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார், மலம் எத்தனை நாளுக்கு ஒரு முறை போகும், வீட்டார் பெயர்களைச் சரியாகச் சொல்வாரா, தற்போதைய எடை என்ன? இவற்றோடு உயிர்க்குறிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவையும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் அளவும் சேர்ந்தவைதான் உயிர்க்குறிகள். பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20, ஆக்சிஜன் 95 சதவீதமும் அதற்கு மேலும் என்பது பொதுவான வரம்பு. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 சதவீதத்தையே மருத்துவர் இலக்காக வைத்திருப்பார். அவர்களுக்கு 90 என்று காட்டுவதைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைக் கூட்டிவிடுவது ஆபத்து. பொது வரம்பைவிட அவருடைய வரம்பு முக்கியம் என்பதற்காகவே இந்த முதல் பக்கம்.

முதுமையில் தொற்று வந்தால் காய்ச்சல் வந்தே தீரும் என்பதில்லை. சாப்பாட்டைத் தள்ளுவது, திடீரென்று தடுமாறுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது ஆகியவைதான் சில நேரம் முதல் அறிகுறிகள். பேஸ்லைன் தெரிந்தவரின் கண்ணில்தான் இவை படும்.

படி 2: அன்றாடச் செயல்பாடுகளைப் பிரித்துப் பாருங்கள்

ஏடிஎல் என்று சுருக்கிச் சொல்லப்படுபவை அடிப்படையான அன்றாடச் செயல்பாடுகள். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963இல் வெளியிட்ட அளவுகோலில் இவை ஆறு: குளித்தல், உடை உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், இடம் மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்துதல், தானாகச் சாப்பிடுதல். பொதுவாக முதலில் கைநழுவுவது குளியல், கடைசி வரை நிற்பது சாப்பாடு என்பதும் அவர்கள் கவனித்ததுதான்.

ஐஏடிஎல் என்பது அதற்கு அடுத்த தட்டு. தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டை ஒழுங்குபடுத்துவது, துணி துவைப்பது, பயணம் செய்வது, மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது என எட்டுச் செயல்களை லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் பட்டியலிட்டார்கள். மூளை சற்றுக் களைத்தாலும் முதலில் தடுமாறுவது இந்தத் தட்டுதான். எப்போதும் கணக்கில் கறாராக இருந்தவர் ஒரே கட்டணத்தை இரண்டு முறை செலுத்துகிறார் என்றால், வயதாகிவிட்டது என்று சிரித்துக் கடந்துவிடாதீர்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

ஏடிஎல் பட்டியலை 'முடியும், முடியாது' என்று நிரப்புவதில் பயன் குறைவு. குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் நடந்து போவது, வாசல்படியைத் தாண்டுவது, தண்ணீரின் சூட்டைக் கையால் பார்ப்பது, உட்காருவது, தலைக்கு மேல் கையைத் தூக்குவது, முதுகையும் பாதத்தையும் தேய்ப்பது, எழுந்திருப்பது, விரலிடுக்கு வரை ஈரம் துடைப்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் குளியல். "அம்மாவால் குளிக்க முடியவில்லை" என்று சொல்லப்படுகிற பல வீடுகளில், அவருக்கு முடியாதது ஈரத் தரையில் எழுந்து நிற்பது மட்டுமாக இருக்கும். ஒரு குளியல் நாற்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் இருந்தால் மீதியை அவரே செய்துகொள்வார். எது முடியவில்லை என்று பிரிக்காமல் மொத்தத்தையும் நாமே செய்யத் தொடங்கினால், செய்ய முடிந்ததும் சில வாரங்களில் போய்விடும். கட்டில், நாற்காலி என்று முடங்குவதால் வரும் இந்த வலுவிழப்பை மருத்துவத்தில் 'டீகண்டிஷனிங்' என்பார்கள்.

பார்தெல் அளவுகோல் என்ற பெயரும் அறிக்கையில் வரலாம். 1965இல் வெளியான அது, பத்துச் செயல்களுக்கு மதிப்பெண் போட்டு 0 முதல் 100 வரை தருகிறது. மொத்த மதிப்பெண்ணைவிட எந்தச் செயலில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்பதே உங்களுக்குப் பயன்படும்.

படி 3: எவ்வளவு உதவி என்பதற்குத் தனிச் சொற்கள் உண்டு

"கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்பது ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொன்றாகிவிடும். அதனால்தான் பிசியோதெரபிஸ்டுகள் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். 'மேற்பார்வை' என்றால் தொடாமல் அருகில் நின்று பார்த்துக்கொள்வது. 'காண்டாக்ட் கார்டு' என்றால் கை அவர் உடலைத் தொட்டபடி இருக்கும். பாரம் தாங்காது, தடுமாறினால் பிடிப்பதற்காக மட்டும். 'குறைந்த உதவி' என்றால் முயற்சியில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ அவருடையது. 'மிதமான உதவி' என்றால் பாதியாவது அவருடையது. 'அதிக உதவி' என்றால் அவர் பங்கு கால் பாகத்துக்கும் பாதிக்கும் இடையில். அதற்கும் கீழே போனால் 'முழுச் சார்பு'.

இதோடு 'ஒருவர் உதவி', 'இருவர் உதவி' என்றும் எழுதியிருப்பார்கள். இருவர் உதவி என்று எழுதியிருந்தால் தனியாகத் தூக்க முயலாதீர்கள். முதியவர் விழுவதோடு உங்கள் முதுகும் போகும்.

'டிரான்ஸ்ஃபர்' என்பது மருத்துவமனை மாற்றுவதல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கமோடுக்கு என்று ஓர் இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு, கால்மிதியை மடக்கிவிட்டு, வலுவான பக்கத்தை நோக்கி மாற்றுவது பொதுவான முறை. கையிடுக்கில் கைவிட்டு இழுக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும். இடுப்பில் கட்டும் நடைப்பட்டை இதற்கென்றே இருக்கிறது.

இடுப்பு எலும்பு முறிவு அறுவைக்குப் பிறகு 'வெயிட் பேரிங்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தக் காலில் பாரம் வைக்கவே கூடாது, கால்விரல் தரையைத் தொடலாம், பாதி பாரம், தாங்கும் அளவு பாரம், முழுப் பாரம் என்று அதில் நிலைகள் உண்டு. எந்த நிலை, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் மருத்துவமனையிலிருந்து கிளம்பாதீர்கள்.

விழுவது பற்றிய இரண்டு சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'டைம்ட் அப் அண்ட் கோ' என்பது நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை; 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல் என்று கொள்வார்கள். 'ஆர்த்தோஸ்டாட்டிக் ஹைபோடென்ஷன்' என்பது எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் இந்தப் பெயர். இந்தச் சொல்லைக் கேட்டால் நாளைக் காலை மாற வேண்டியது இதுதான்: கண் விழித்ததும் எழுப்பி நடத்தாமல், கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டுச் சற்று நேரம் உட்கார வைத்து, பிறகு பிடித்து நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளை மறுபரிசீலனை செய்யவும் கேளுங்கள்.

படி 4: டிமென்ஷியா, டெலிரியம், மனச்சோர்வு

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வரும் கெடுதல் மற்ற எல்லாக் குழப்பத்தையும்விடப் பெரிது என்பது என் எண்ணம்.

டிமென்ஷியா மெதுவாக வருவது. மாதங்களிலும் ஆண்டுகளிலும் வளர்ந்து, நினைவு, மொழி, திட்டமிடல், வழி அறிதல் என்று ஒவ்வொன்றாகப் பாதித்து, அன்றாட வாழ்க்கையையே தடுக்கும் அளவுக்குப் போகும் நிலைகளின் பொதுப்பெயர் அது. அல்சைமர் அதில் ஒரு வகை; 60 முதல் 70 சதவீதம் வரை அதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது, லூயி உடல்கள் எனப்படும் புரதத் திரளால் வருவது போன்றவை மற்ற வகைகள். லூயி வகையில் இல்லாத உருவங்கள் கண்ணில் படும். மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் இவர்களுக்குக் கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போகும். அதனால் "எந்த வகை?" என்ற கேள்வி வெறும் ஆர்வக் கேள்வி அல்ல.

டெலிரியம் திடீரென்று வருவது. நேற்று மாலை வரை சரியாகப் பேசியவர் இன்று காலை பேச்சைத் தொடர முடியாமல் அலைபாய்கிறார். ஒரு மணி நேரம் தெளிவாக இருக்கிறார், மறு மணி நேரம் இல்லை. மணிக்கணக்கில் அல்லது நாள் கணக்கில் வருவதும், ஏறி இறங்குவதும், கவனம் நிற்காததும் இதன் அடையாளங்கள். வாரத்தின் நாள்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் பாதியில் விட்டுவிடுவார். இதற்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கும்: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, வலி, புதிதாகச் சேர்த்த மருந்து. கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டிலேயே விட்டுப் போனதுகூட நிலைமையை மோசமாக்கும். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தேறிவருவார். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே டெலிரியம் என்றால் அன்றே மருத்துவர்.

இதில் ஒரு வகை பலரையும் ஏமாற்றிவிடும். கூச்சல் போட்டு, குழாயைப் பிடுங்கி, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியான டெலிரியமோ அதற்கு நேர் எதிர். அப்பா சத்தமில்லாமல் படுத்திருப்பார், கூப்பிட்டால் மெல்லக் கண் திறந்து மறுபடி மூடிக்கொள்வார், சாப்பாடு வேண்டாம் என்பார். "பாவம், களைத்துப் போயிருக்கிறார், தூங்கட்டும்" என்று வீடே அடக்கிப் பேசும். ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவருக்கு டெலிரியமும் சேர்ந்து வருவது சகஜம். அப்போது "நோய் முற்றிவிட்டது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். டிமென்ஷியா ஒரே இரவில் முற்றுவதில்லை. மாற்றம் ஓரிரு நாளில் வந்திருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மனச்சோர்வு வாரங்களில் வளரும். ஆர்வம் வற்றிப்போகும், எதைக் கேட்டாலும் "தெரியாது" என்பார். டிமென்ஷியா உள்ளவர் தப்பாகவாவது ஒரு பதில் சொல்ல முயல்வதுண்டு. மனச்சோர்வில் இருப்பவர் முயற்சியையே விட்டுவிடுவார். இது முழு வரையறை அல்ல, மருத்துவரிடம் சொல்லத் தக்க ஒரு கவனிப்பு. முதுமையிலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பலிக்கும்.

எம்எம்எஸ்இ என்பது நினைவையும் சிந்தனைத் திறனையும் பார்க்கும், 1975 முதல் பயன்பாட்டில் உள்ள 30 மதிப்பெண் சோதனை. படிப்பறிவு, காது, கண், அன்றைய உடல்நிலை எல்லாம் அதில் மதிப்பெண்ணை மாற்றும். அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். 'சன்டவுனிங்' என்பது டிமென்ஷியா உள்ளவருக்கு மாலை சாயும் நேரத்தில் கூடும் பதற்றமும் குழப்பமும். அந்த நேரத்துக்கு முன்பே விளக்கேற்றி, சத்தத்தைக் குறைத்து, குளியல் போன்ற சிரமமான வேலைகளைக் காலைக்கு மாற்றிவிட்டால் பலருக்கும் தணிகிறது.

படி 5: தோல், விழுங்குதல், சிறுநீர்

படுக்கைப்புண்ணை இப்போது அழுத்தக் காயம் என்றும் சொல்கிறார்கள். முதல் நிலையில் தோல் உடைந்திருக்காது, சிவந்திருக்கும். குதிகாலிலோ வால் எலும்பின் மேலோ சிவப்பைக் கண்டால் விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அதுவே முதல் நிலை. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, குளிர்ந்தோ, இறுகியோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்திருக்கும் அல்லது கொப்புளம் இருக்கும். மூன்றாவதில் தோலின் முழு ஆழமும் போய் அடிக்கொழுப்பு தெரியும். நான்காவதில் தசை, தசைநாண், எலும்பு வரை போயிருக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவது பழைய வழக்கம். மெத்தையையும் தோலின் நிலையையும் பார்த்து இடைவெளியைச் செவிலியர் மாற்றிச் சொல்வார்.

'டிஸ்ஃபேஜியா' என்பது விழுங்குவதில் சிரமம். 'ஆஸ்பிரேஷன்' என்பது உணவோ திரவமோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போவது. புரை ஏறி இருமினால் நமக்குத் தெரிந்துவிடும். இருமலே வராமல் உள்ளே போவதும் உண்டு. சாப்பிட்ட பின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலித்தால் சந்தேகப்படுங்கள். அறிக்கையில் உணவுக்கு ஓர் எண் போட்டிருந்தால் அது ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலின் நிலை: 0 என்பது தண்ணீர் போன்ற திரவம், 4 என்பது மசித்த கூழ்ப்பதம், 7 என்பது வழக்கமான உணவு. இங்கே பலரும் இடறுவது தண்ணீரில்தான். திட உணவைவிடத் தண்ணீரே சிலருக்கு அபாயமானது. அதனால்தான் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். முடித்ததும் அரை மணி நேரம் சாய்க்காதீர்கள்.

சிறுநீர் அடக்க முடியாமை ஒரே நோய் அல்ல. இருமினால் தும்மினால் கசிவது ஒன்று. அவசரம் வந்ததும் அடக்க முடியாமல் போவது இன்னொன்று. சிறுநீர்ப்பை நிரம்பி வழிவது வேறொன்று. நான்காவதாக 'செயல்பாட்டு' வகை இருக்கிறது: சிறுநீர்ப்பையில் கோளாறு எதுவும் இல்லை, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் காலும் பொத்தானும் தாமதப்படுத்துகின்றன. டயாப்பர் வாங்கும் முன் எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். கடைசி வகைக்கு ஒரு கமோடு நாற்காலியும் இலாஸ்டிக் வைத்த உடையும் போதுமானதாக இருக்கலாம்.

படி 6: மருந்துச் சீட்டை வாசிப்பது

ஓடி என்றால் நாளுக்கு ஒரு முறை, பிடி என்றால் இரு முறை, டிடிஎஸ் என்றால் மூன்று முறை, க்யூஐடி என்றால் நான்கு முறை. எச்எஸ் என்றால் படுக்கும் நேரத்தில். ஏசி சாப்பாட்டுக்கு முன், பிசி சாப்பாட்டுக்குப் பின். ஸ்டாட் என்றால் உடனே. கண் மருத்துவரின் சீட்டில் மட்டும் ஓடி என்பது வலது கண்ணைக் குறிக்கலாம். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எஸ்ஓஎஸ், பிஆர்என் இரண்டுக்கும் 'தேவைப்பட்டால்' என்று பொருள். கவனித்துக்கொள்பவரிடம் முடிவை ஒப்படைக்கும் குறியீடுகள் இவை. அதனால் நான்கு விவரங்கள் இல்லாமல் இவற்றை ஏற்காதீர்கள்: எந்த அறிகுறிக்கு, எவ்வளவு, இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை. கொடுத்த நேரத்தையும் பலித்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.

'பாலிஃபார்மஸி' என்பது பொதுவாக ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை ஒருவர் எடுத்துக்கொள்வது. அது எப்போதும் தவறல்ல. ஐந்தும் தேவையாக இருக்கலாம். கவலைப்பட வேண்டியது, ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து சேர்ப்பது. இதை 'மருந்துச் சங்கிலி' என்று சொல்லலாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் தருகிறார்கள். அது சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்குச் சிறுநீர் பிரிய மாத்திரை. அதனால் இரவில் பல முறை எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. ஓடும்போது விழுகிறார். ஆகவே புது அறிகுறி தோன்றினால், "சமீபத்தில் என்ன மருந்து சேர்ந்தது, எது கூடியது?" என்பதுதான் முதல் கேள்வி.

'பியர்ஸ் பட்டியல்' என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டால், அது முதியவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991இல் தொடங்கியது. இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற, தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மருந்துகளும் அதில் இருக்கின்றன. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் என்று அவை படுத்தும் பாடு பெரிது.

'டீப்ரிஸ்க்ரைபிங்' என்பது தேவையற்ற மருந்தை மருத்துவர் திட்டமிட்டுக் குறைப்பது. நீங்களாக நிறுத்துவதற்கு அந்தப் பெயர் கிடையாது. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. அதேபோல 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை என்று பொருள். விழுங்க முடியவில்லை என்று பொடித்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். திரவ வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 7: தொலைபேசியில் சொல்லும் முறை

செவிலியர்கள் எஸ்பார் என்ற ஒழுங்கைப் பின்பற்றுகிறார்கள்: நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள். வீட்டிலிருந்து பேசுபவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

"டாக்டர், அப்பா நேற்று இரவிலிருந்து குழப்பமாகப் பேசுகிறார்; கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வயது 81, சர்க்கரை இருக்கிறது. வழக்கமாகத் தெளிவாகப் பேசுவார், வாக்கர் வைத்துத் தனியாக நடப்பார். இன்று இருவர் பிடித்தும் நிற்கவில்லை. காய்ச்சல் இல்லை, நாடி 108, சர்க்கரை அளவு 140. மூன்று நாள் முன்பு தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தீர்கள். டெலிரியமாக இருக்குமோ என்று நினைக்கிறேன். இன்றே அழைத்து வரலாமா?"

"அப்பாவுக்கு என்னவோ போல் இருக்கிறது" என்று சொன்னால் கிடைக்கும் பதிலையும் இதற்குக் கிடைக்கும் பதிலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை.

படி 8: பராமரிப்பு வகைகள்

வீட்டுப் பராமரிப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு சேவைகள் இருக்கின்றன. குளிப்பாட்டுதல், உடன் இருத்தல் போன்றவை ஒன்று; ஊசி, காயக்கட்டு, குழாய் மாற்றுதல் போன்ற பயிற்சி பெற்ற செவிலியர் வேலை மற்றொன்று. ஆள் ஏற்பாடு செய்யும்போது எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பகல்நேர மையத்தில் முதியவர் பகலில் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார். உதவியுடன் கூடிய குடியிருப்பு, அன்றாடச் செயல்பாடுகளில் ஓரளவு துணை வேண்டியவர்களுக்கு. நர்சிங் ஹோம் எந்நேரமும் செவிலியர் கவனிப்பு வேண்டியவர்களுக்கு. சில நாடுகளில் சிறிய மருத்துவமனைகளுக்கும் அதே பெயர் வழங்குகிறது. 'மறுவாழ்வு' என்பது பக்கவாதம், முறிவு போன்றவற்றுக்குப் பிறகு இழந்த திறனை மீட்கும் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் நடையையும் வலுவையும் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உடுத்துதல், குளித்தல் போன்ற செயல்களையும் வீட்டு அமைப்பையும் பார்ப்பார். பேச்சு சிகிச்சையாளர் பேச்சோடு விழுங்குதலையும் பார்ப்பார். கடைசியாகச் சொன்னது பலருக்கும் தெரிவதில்லை.

படி 9: வலி தணிப்பு, ஹாஸ்பிஸ், டிஎன்ஆர்

'பாலியேட்டிவ் கேர்' என்ற சொல் காதில் விழுந்ததும், "கைவிட்டுவிட்டார்களா?" என்று குடும்பம் உடைந்துபோகிறது. அப்படி அல்ல. கடுமையான நோயில் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், பயம் ஆகியவற்றைத் தணிப்பது அதன் வேலை. நோயை எதிர்க்கும் சிகிச்சையோடு சேர்த்தே, நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்கலாம். ஹாஸ்பிஸ் என்பது அதன் ஒரு பகுதி: நோயைக் குணப்படுத்தும் முயற்சி இனிப் பயன்தராது என்ற கட்டத்தில், இருக்கும் நாள்களை வலியில்லாமல் கழிக்க உதவுவது. நவீன ஹாஸ்பிஸுக்கு அடித்தளம் இட்டவர் சிசிலி சாண்டர்ஸ். லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை 1967இல் தொடங்கினார். உடல் வலியோடு மனம், குடும்பம், நம்பிக்கை ஆகியவற்றின் வலியும் சேர்ந்தே வரும் என்பதை 'முழு வலி' என்று சொன்னவரும் அவர்தான்.

டிஎன்ஆர் என்பது இதயமும் மூச்சும் நின்றுபோனால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்ற மருத்துவ உத்தரவு. அதன் எல்லை அவ்வளவுதான். ஆன்டிபயாடிக், ஆக்சிஜன், உணவு, வலி மருந்து எதையும் அது தடுப்பதில்லை. டிஎன்ஆர் போட்டவரின் தொற்றுக்குச் சிகிச்சை தராமல் யாராவது தயங்கினால் கேள்வி கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

'முன்கூட்டிய விருப்ப ஆவணம்' என்பது பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது. 'மருத்துவப் பிரதிநிதி' என்பவர் அந்த நிலையில் அவருக்காகப் பேச அவரே நியமித்தவர். பணம், சொத்து பற்றிய அதிகாரப் பத்திரம் வேறு. அது கையில் இருப்பதாலேயே மருத்துவ முடிவெடுக்கும் உரிமை வந்துவிடாது. சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாமல் போகும் சட்ட முறைகளும் பல உள்ளன. விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்டே செய்ய வேண்டும். 'முடிவெடுக்கும் திறன்' என்பது ஒரேயடியாக இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடியதல்ல. சொத்துப் பிரிவினையைப் புரிந்துகொள்ள முடியாதவர், எந்த அறையில் படுப்பது, யார் குளிப்பாட்ட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். டிமென்ஷியா என்று பெயர் வந்துவிட்டதாலேயே அவரைக் கேட்காமல் எல்லாம் முடிவுசெய்வது எனக்கு உடன்பாடில்லை.

படி 10: உங்களைப் பற்றிய சொற்கள்

'பராமரிப்புச் சுமை' என்பது புலம்பல் அல்ல, அளக்கப்படும் ஒன்று. ஸ்டீவன் சாரிட்டும் சக ஆய்வாளர்களும் 1980இல் உருவாக்கிய கேள்வித்தாள், இப்போது பரவலாகப் புழங்கும் 22 கேள்விகள் கொண்ட வடிவில், தூக்கம், கோபம், பணம், தனிமை என்று எல்லாவற்றையும் கேட்கிறது. முதியவரைப் பார்க்க வரும் மருத்துவரிடம் உங்களுக்காக அதைக் கேட்கலாம். 'பர்ன் அவுட்' என்பது அந்தச் சுமை நீண்டு, எரிச்சலும் வெறுமையும் மட்டுமே மிஞ்சும் கட்டம். 'முன்துயர்' என்பது ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருப்பதற்காக வரும் துக்கம். டிமென்ஷியா உள்ளவரைக் கவனிக்கும் வீடுகளில் இது ஆண்டுக்கணக்கில் நீளும்.

'ரெஸ்பைட்' என்பது உங்களுக்கு இடைவேளை கிடைக்க வேறொருவர் சில மணி நேரமோ சில நாளோ பொறுப்பேற்பது. வீட்டிலேயே நடக்கலாம், பகல்நேர மையத்தில் நடக்கலாம், தங்கும் இல்லத்திலும் நடக்கலாம். இதை எல்லாரும் தாங்க முடியாத நாளில்தான் தேடுகிறார்கள். அன்று முதியவரும் மிரண்டிருப்பார், வருபவருக்கும் எதுவும் தெரியாது. நிலைமை சீராக இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் தடவை நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், புதியவர் ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் கொடுக்கட்டும். அடுத்த தடவை இரண்டு மணி நேரம் வெளியே போங்கள். அதற்குப் பிறகு ஓர் இரவு. போகும் முன், எந்த அறிகுறி தெரிந்தால் உங்களை அழைக்க வேண்டும், எதற்கெல்லாம் அழைக்கத் தேவையில்லை என்று இரண்டு பட்டியலாக எழுதிக் கொடுங்கள். இரண்டாவது பட்டியல் இல்லையென்றால் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.